கறளுக்குள்ளே இருந்து ஒரு ‘டக்’!

உங்கட வீட்டுத் தையல் மெசின் லாச்சிக்குள்ளே, றங்குப்பெட்டியின் அடியிலே, குசினிப் புகட்டிலே கறள் ஏறிப்போன ஒரு வில்லுக்கத்தி கிடக்கிறதா? கிடந்தால் வாசிக்கிறதை இந்த வரியோடு நிறுத்திப்போட்டு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. சும்மா சொல்லவில்லை. நீங்கள் கறள் என்று நினைத்துக்கொண்டிருக்கிற அந்தச் செம்மண் நிறப் பொருக்குக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று தெரிந்தால் இத்தனை வருசம் அதைத் தொடாமல் விட்டதற்காகத் தலையில் அடித்துக்கொள்வீர்கள். எனக்கு இந்த விசர் பிடித்து இப்போது எல்லை கடந்துவிட்டது. விடிய எழும்பித் தேத்தண்ணி குடிக்க முன்னமே விறாந்தை வாங்கிலில் அரமும் கையுமாக இருக்கிறேன், யார் வீட்டுக்குப் போனாலும் “பழைய கத்தி ஏதும் இருக்கோ?” என்றுதான் முதல் கேள்வி, சுகம் விசாரிக்கிறது அதற்குப் பிறகுதான்!

எல்லாம் அப்பப்பாவின் கத்தியில் தொடங்கியது. முள்ளியவளைக் காணியில் இருந்து கடைசி யுத்தத்தின்போது வெளிக்கிட முன்னம், தூக்கிக்கொண்டு போக ஏலாத பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் கிடங்கு வெட்டித் தாட்டோம். வன்னியில் ஆர்தான் தாட்கவில்லை? மீளக் குடியேறி வந்து தோண்டினபோது குத்துவிளக்கும் கிடாரமும் வந்தன, அவற்றோடு ஒரு தகரப்பேணியும் வந்தது. பேணிக்குள் ஆணிகளும், உடைந்த பூட்டொன்றும், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் கட்டியும். அதுதான் கத்தி. அலகு எது பிடி எது என்று பிரித்துச் சொல்ல ஏலாது. பழைய இரும்புக்காரர் தெருத் தெருவாக வந்த காலம் அது, தராசில் போட்டிருந்தால் நாலு காசுகூடத் தேறியிராது. அம்மாதான், “அப்பு பாக்குச் சீவின கத்தியடா, வைச்சிரு” என்று திரும்பப் பேணிக்குள் போட்டு வைத்தா.

இப்போது நினைத்துப் பாருங்கோ. ஒரு மழைநாள், ஐப்பசிக்கு உரிய அடைமழை, கரண்டும் இல்லை. செய்ய வேலையில்லாமல் அந்தக் கட்டியை எடுத்து அங்கர் பால்மாப் பேணிக்குள் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அடுத்தநாள் எடுத்துப் பழைய பல்லுத்தேய்க்கிற பிறசால் தேய்க்கிறேன். கறள் சேறாகக் கரைந்து வழிகிறது, விரலெல்லாம் காவி, மூக்குக்குள் மண்ணெண்ணெய் மணம். தேய்க்கத் தேய்க்க அலகின் அடிக்கட்டையில், அச்சாணிக்குக் கிட்ட, ஏதோ கோடு தெரிகிறது. துணியால் துடைத்துவிட்டு அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் ஒரு நட்சத்திரம்! அதற்குப் பக்கத்தில் நாலு பக்கமும் விரிந்த ஒரு சிலுவை!

எனக்கு மேலெல்லாம் புல்லரித்துப்போனது. நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் சேர்ந்தால் அது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஜோசப் றொஜர்ஸ் கொம்பனியின் முத்திரை. 1764இல் அவர்களுக்குக் கிடைத்த முத்திரை அது. லண்டனில் 1851இல் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு 75 அலகு வைத்து ஒரே கத்தி செய்து காட்டின ஆட்கள்! இங்கிலாந்து அரச குடும்பத்துக்குக் கத்தி கொடுத்தவர்கள்! அவர்களின் பட்டறையில் யாரோ ஒரு தொழிலாளி கையால் ராவிப் பொருத்தின கத்தி கப்பலேறி இலங்கைக்கு வந்து, எந்தக் கடையிலோ அப்பப்பாவின் கைக்குக் கிடைத்து, அவருடைய மடியில் செருகின பாக்குப் பையோடு வற்றாப்பளைப் பொங்கலுக்கும் புதூர் நாகதம்பிரானுக்கும் நடந்து போய், பிறகு எங்கட முற்றத்து மண்ணுக்குள் படுத்துக் கிடந்து, கடைசியில் என்னுடைய உள்ளங்கையில் வந்து இருக்கிறது. நான் அந்த மழைக்குள் குடை இல்லாமல் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவை எழுப்பிக் காட்டினேன். அவர், “உது கத்திதானே” என்றார். கத்திதானாம்!

சரி, வேலைக்கு வருவோம், வேலைதான் ருசி. வில்லுக்கத்தியைக் கழற்றுகிறது பயப்படுகிற அளவுக்குப் பெரிய வித்தை இல்லை. இரண்டு பக்கமும் பிடிப்பலகை, அதற்கு உள்ளே மெல்லிய பித்தளைத் தகடு, நடுவில் அலகு, முதுகுப்பக்கம் நீளத்துக்கு ஒரு எஃகு வில்லு. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது மூன்று நாலு கம்பி ஆணிகள்தான். ஆணித்தலையை அரத்தால் தட்டையாக ராவி எடுத்துவிட்டு, முனை மழுங்கின ஒரு இரும்பாணியை வைத்துச் சின்னச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினால் மறுபக்கத்தால் வெளியே வந்துவிடும். வராவிட்டால் மண்ணெண்ணெய் விட்டு இன்னொரு நாள் ஊறவிடுங்கோ. அவசரப்பட்டு அறைந்தால் அலகு வளையும்.

கழற்றினபிறகு தனி அலகை வினாகிரியில் ஒரு இரவு போட்டு வையுங்கோ. காலையில் மேலே கறுப்புப் படையாக நிற்கும், துடைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். உடனே அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கவே திரும்பக் கறள் ஏறும். பிறகு அரத்தாள். 400இல் தொடங்கி, 800, 1500 என்று போகப் போக, சாம்பல் நிறத்தில் இருந்த இரும்பு பால் நிறமாகி, பிறகு கண்ணாடியாகி, உங்கட முகம் அதற்குள்ளே தெரியத் தொடங்கும். அந்த இடத்தில் நிறுத்த மனம் வருமென்றா நினைக்கிறீர்கள்? முத்திரை இருக்கிற இடத்தை மட்டும் அரத்தாளால் தொட்டுவிடாதேங்கோ, கையைக் கட்டிக்கொள்ளுங்கோ! அது போனால் திரும்ப வராது. அதை எண்ணெய்த் துணியால் மட்டும்தான் துடைக்க வேண்டும்.

அப்பப்பாவின் கத்தியில் முதுகு வில்லு நடுவால் முறிந்திருந்தது. வில்லு இல்லாவிட்டால் அது கத்தியே இல்லை. அலகின் அடிக்கட்டை சதுரமாக இருக்கும் பாருங்கோ, அதன் ஒவ்வொரு தட்டைப் பக்கத்திலும் வில்லு வந்து அமர்ந்து அழுத்துகிறதால்தான் திறந்தால் திறந்தபடி, மடித்தால் மடித்தபடி நிற்கிறது. மூலை திரும்புகிற இடத்தில் வில்லு மேலே எழும்பித் தட்டையில் விழும். அந்த விழுகைதான் ‘டக்’ சத்தம், வில்லுக்கத்திக்காரனுக்கு உயிர்.

முறிந்த துண்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போனேன். மண்வெட்டியும் காட்டுக்கத்தியும் செய்கிற பெரியவர், இப்படி விரல் நீள வேலை யாரும் கொண்டுவந்ததில்லை என்று சிரித்தார். ஆனால் அந்தத் துண்டைக் கையில் எடுத்த உடனே அவருடைய கண் மாறினதை நான் கண்டேன். பழைய லொறியின் வில்லுத்தகடு ஒன்றில் இருந்து சின்னத் துண்டு வெட்டி, சிரட்டைக்கரி நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, தட்டி மெலிப்பித்து, நான் வீட்டில் ராவி வடிவம் எடுத்துக்கொண்டு போனபிறகு திரும்பச் சிவக்க வைத்து எண்ணெயில் தோய்த்தார். சீ... என்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை! அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே உடையும். அதற்கு மேலே நல்லெண்ணெய் பூசி நெருப்புக்கு மேலே பிடித்தார். எண்ணெய் பற்றி எரிந்து அடங்கியது, திரும்பப் பூசினார், திரும்ப எரிந்தது. பட்டறை இருட்டுக்குள் அந்தச் சுவாலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. எண்ணெய் எரிகிற அந்தச் சூட்டில்தான் எஃகின் முறுக்குத் தளர்ந்து வளைகிற குணம் வருமாம். வெப்பமானி ஒன்றும் இல்லை, எண்ணெயும் கண்ணும்தான். காசு கொடுத்தால், “கத்தி முடிஞ்சாப் பிறகு கொண்டந்து காட்டு தம்பி, அதுதான் கூலி” என்றார்.

இனி மரம். ஐயோ, மரத்தைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் என்னை நிறுத்தாதேங்கோ! உலகத்தில் கத்திக்குப் பிடி போடுகிறவர்கள் காசைக் கொட்டித் தேடி வாங்குகிற மரங்கள் எங்கட காட்டில் தலைக்கு மேலே நிற்கின்றன. முதிரை எடுங்கோ: 1500 அரத்தாள் போட்டுத் தேன்மெழுகு பூசி வெயிலில் சரித்துப் பிடித்தால் பொன் நிறக் கோடுகள் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு ஓடும், சரிவை மாற்றினால் கோடும் இடம் மாறும், உள்ளே ஏதோ உயிர் அசைகிற மாதிரி! பாலை எடுங்கோ, ஆனி ஆடியில் பழம் பொறுக்கித் தின்று வாயெல்லாம் பால் ஒட்டின அதே பாலைதான், அதன் வைரம் தண்ணீரில் போட்டால் தாழும், அரம்கூட வழுக்கும், ஆனால் மினுக்கி எடுத்தால் காய்ந்த இரத்தச் சிவப்பு! கருங்காலி வேண்டுமென்றால் மரம் தறிக்கிற எண்ணமே வேண்டாம், சட்டம் விடாது, விடவும் கூடாது. வீட்டு மூலையில் பூண் கழன்று முறிந்து கிடக்கிற பழைய உலக்கையை எடுங்கோ, அதற்குள்ளே இருக்கிறது கன்னங்கரேலென்ற கருங்காலி, மூன்று தலைமுறை நெல்லுக் குத்தின கை அழுக்கும் எண்ணெயும் ஊறினது. மான்கொம்பு, ஆனைத்தந்தம் என்று பழைய புத்தகங்களில் வடிவாகப் படம் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியும் பாராதேங்கோ, வனசீவராசிகள் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது, அதைவிட அந்த உயிர்கள் எங்கட அயலவர். எங்களுக்கு மரம் போதும். தச்சுப்பட்டறையில் கழித்து எறிகிற முதிரைத் துண்டு ஒன்றில் இரண்டு கத்திக்குப் பிடி தேறும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலைக் கடிக்கும், மேலை மூடி மூக்கிலும் துணி கட்டிக்கொள்ளுங்கோ.

ஆனால் அப்பப்பாவின் கத்திக்கு நான் போட்டது முதிரையும் இல்லை, பாலையும் இல்லை. பனை! செல்லடியில் கூரை போன எங்கட பழைய வீட்டில் ஒரேயொரு கைமரம் மட்டும் சுவரில் சாய்ந்தபடி தப்பிக் கிடந்தது. அவரே பார்த்துத் தறிப்பித்து, கறுப்பு வைரமாகப் பார்த்துப் போட்ட பனங்கைமரம். அதன் நுனியில் ஒரு சாண் வெட்டி எடுத்துப் பிளந்தேன். மஞ்சளுக்குள்ளே கறுப்பு நார் கோடு கோடாக, மழை பெய்கிற மாதிரி! பனையில் ஒரு குணம் இருக்கிறது, கறுப்பு நார் கல்லு, இடையில் இருக்கிற மஞ்சள் சோத்தி, அப்படியே ராவினால் பிசிறு கிளம்பும். அதற்குத் தண்ணிமாதிரி ஓடுகிற சுப்பர் குளூவை நாலு தரம் ஊறவிட்டுக் காயவைத்து ராவினால் முழுதும் ஒரே இறுக்கமாகிவிடும். உள்தகட்டோடு ஒட்டுகிறதற்கு அரல்டைட். ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு இரவு பொறுத்தேன். பொறுத்தேன் என்று எழுதுகிறேன், ஆனால் நடுச்சாமத்தில் ரோர்ச் அடித்துப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆணிக்குப் பித்தளைக் கம்பி வேண்டும். கடையில் வாங்குங்கோ, பழைய கதவுப் பிணைச்சலில் இருந்து எடுங்கோ. காணியில் மண்வெட்டேக்கை மினுங்குகிற எந்தப் பித்தளைத் துண்டையும் மட்டும் ஆசைப்பட்டுக் கையில் எடுக்காதேங்கோ. ஹலோ ட்ரஸ்ட் 2002இல் இருந்து இந்த மண்ணில் மிதிவெடி கிண்டிக்கொண்டு நிற்கிறது, சிவப்பு மண்டையோட்டுப் பலகை இன்னும் முற்றாகப் போகவில்லை.

இப்போது வாங்கோ, இந்தக் கட்டத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அலகு, வில்லு, தகடு, பிடி எல்லாவற்றையும் அடுக்கி, துளைகளை நேருக்கு நேர் பிடித்து, பித்தளைக் கம்பியை நுழைத்து, இரண்டு பக்கமும் ஒரு நெல்லு அளவு வெளியே விட்டு வெட்டி, இரும்புக் கட்டையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் டிக் டிக் டிக் என்று தட்டுகிறேன், பலமாக இல்லை, நகத்தில் தட்டுகிற பலம், கொஞ்சம் தட்டித் திருப்பி மறுபக்கம் தட்டி, அலகை அசைத்துப் பார்த்து, இறுக்கமென்றால் ஒரு சொட்டு எண்ணெய், தளர்வென்றால் இன்னும் இரண்டு தட்டு, அச்சாணியில் மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டுகிறேன், மனிசி சாப்பாடு ஆறுகிறதென்று கூப்பிடுகிறா, கேட்கவில்லை, பிள்ளைகள் இரண்டு பக்கமும் குந்திவிட்டார்கள், அம்மாவும் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டா, அலகின் நகக்கீறில் பெருவிரல் நகத்தை வைத்துக் கிளப்புகிறேன், வில்லு தள்ளுகிறது, உயிருள்ள ஒன்று விரலை எதிர்த்துத் தள்ளுகிற மாதிரித் தள்ளுகிறது, பாதி வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம், மூலை திரும்புகிறது, விரலுக்குக் கீழே வில்லு எழும்புகிறதை உணர்கிறேன், மூச்சு விடவில்லை நான், பிறகு,

டக்!

கேட்டீர்களா? டக்! எத்தனையோ வருசம் மண்ணுக்குள் ஊமையாகக் கிடந்தது வாய் திறந்துவிட்டது! நான் கத்தினேன், வெட்கப்படாமல் சொல்கிறேன், வாங்கிலில் இருந்து துள்ளி எழும்பிக் கத்தினேன், பிள்ளைகள் கைதட்டினார்கள், மடித்தேன், அதே டக், திரும்பத் திறந்தேன், டக், மடித்தேன், டக், ஒன்றுக்கொன்று அச்சொட்டாக அதே சத்தம், அம்மாவின் கையில் கொடுத்தேன், அவ ஒன்றும் கதைக்காமல் ஒரு தரம் திறந்து மடித்துக் காதுக்குக் கிட்டப் பிடித்துக் கேட்டுவிட்டு, “இந்தச் சத்தம்தான்... விடிய விடிய விறாந்தையில் இந்தச் சத்தம்தான்ரா” என்று சொல்லிக்கொண்டு பாக்கு எடுக்க உள்ளே ஓடினா, முழங்கால் நோகிறதென்று கோவிலுக்கும் ஓட்டோவில் போகிற மனிசி ஓடினா, நான் கண்ணைத் துடைக்கிறதா சிரிக்கிறதா என்று தெரியாமல் நின்று திரும்பத் திரும்ப டக் டக் என்று அடித்துக்கொண்டே நின்றேன்!

கூர் போடுகிறது அதற்குப் பிறகுதான். தண்ணி விட்ட தீட்டுக்கல்லில், அலகை ஒரு நாணயக் குத்தி உயரத்துக்குச் சரித்து, கல்லில் இருந்து மெல்லிய தோல் சீவுகிற மாதிரித் தள்ள வேண்டும். சாணை மெசினில் பிடித்துவிடாதேங்கோ. பொறி பறக்கப் பறக்க எஃகு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் முறுக்குச் செத்துவிடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நில்லாது. கடைசியில் பழைய இடுப்புப்பட்டியின் உள்தோலில் பின்பக்கமாக இழுத்துவிட்டு, உதயன் பேப்பரை ஒரு கையில் தூக்கிப் பிடித்து மேலே இருந்து கீழே விட்டேன். சத்தமே இல்லாமல் தலைப்புச் செய்தி இரண்டாகப் பிரிந்தது! அம்மா கொண்டுவந்த பாக்கை அப்பப்பா சீவுகிற மெல்லிசில், வெளிச்சம் தெரிகிற மெல்லிசில் சீவிக் கொடுத்தேன்.

அந்தப் பளபளப்பு அப்படியே இருக்க வேண்டுமென்று அடம்பிடியாதேங்கோ. பழைய கத்திகள் கார்பன் எஃகு, துருப்பிடியாத எவர்சில்வர் இல்லை. ஒரு கறுத்தக்கொழும்பான் மாங்காயை வெட்டிப் பாருங்கோ, மாங்காய்ப் பால் பட்ட இடமெல்லாம் மயில்கழுத்து நீலமாக ஓடும். சாயம் கூடின தேத்தண்ணியில் கொஞ்சம் வினாகிரி விட்டுச் சூட்டோடு அலகைத் தோய்த்தால் புகைக் கறுப்பு ஏறும், இரும்பும் தேயிலைத் துவர்ப்பும் சேர்ந்து வருகிற கறுப்பு அது, கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினதும் இதே வழிதான். அந்தக் கறுப்பு இறுக்கமாகப் பிடித்துவிட்டால் செங்கறள் இலேசில் கிட்ட வராது. குறை சொல்லச் சொன்னால், கையில் மண்ணெண்ணெய் மணம் இரண்டு நாளைக்குப் போகாது. அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு என்னுடைய கத்தி விசர் பற்றின கதை ஊர் முழுதும் பரவிவிட்டது. பாரிஸ் லாச்சப்பலில் இருக்கிற மாமா வரும்போது ஒப்பினல் 8ஆம் இலக்கக் கத்தி ஒன்று கொண்டுவந்து தந்தார். பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890இல் ஜோசப் ஒப்பினல் என்ற கொல்லர் வீட்டுப் பொடியன் தொடங்கின கத்தி, எட்டரைச் சென்டிமீட்டர் அலகு, இன்றைக்கும் பிரெஞ்சுக் கமக்காரரின் சட்டைப்பையில் கிடக்கிறது. இதில் வில்லு இல்லை, 1955இல் வந்த ஒரு சுழலும் வளையம்தான் பூட்டு. பீச் மரப் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு முதிரையில் பிடி செதுக்கிப் போட்டேன், மாமா தான் தந்த கத்தியைத் தானே திருப்பிக் கேட்டு அழுங்குப்பிடியாக நின்றார்! சுவிஸில் இருந்து மச்சாள் அனுப்பின சிவப்பு விக்ரோறினொக்ஸுக்குக் கருங்காலி உலக்கைத் துண்டு. அதில் பிளாஸ்ரிக் பக்கங்கள் உள்ளே இருக்கிற பித்தளை மொட்டுகளில் கவ்விக்கொண்டுதான் நிற்கும், மெல்லிய தகட்டால் நெம்பினால் கழன்றுவிடும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட இலகுவான வேலை இல்லை.

இப்போது என்னுடைய ஆசை எங்கே போய் நிற்கிறது தெரியுமா? மடக்கெழுத்தாணி! உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுத்தாணி வகைகளைச் சொல்கிறபோது இதையும் சொல்கிறார்: மரத்திலோ தந்தத்திலோ பிடி, ஒரு பக்கம் ஓலை வாருகிற கத்தி, மறுபக்கம் எழுத்தாணி, இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிக்கொள்ளலாம். ஷெஃபீல்டும் வேண்டாம் சுவிஸும் வேண்டாம், எங்கட வாத்திமார் மடியில் வைத்துத் திரிந்த மடக்குக்கத்தி! அதைச் செய்யப்போகிறேன். ஒட்டுசுட்டான் பெரியவர் எழுத்தாணிக்கு ஒத்துக்கொண்டுவிட்டார், கைமரத்தில் இன்னும் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது, ஓலை வெட்டிக் காயப் போட்டாயிற்று. எழுத்தாணியும் அலகும் ஒரே பிடிக்குள் மடங்குகிறபோது எது மேலே எது கீழே அமர்ந்ததென்பதுதான் பிடிபடவில்லை. உங்கட வீட்டு ஏட்டுச் சுவடிகளோடு அப்படி ஒன்று கிடந்தால், கறள் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, கறள் பிடித்திருந்தால் இன்னும் நல்லது, ஒருக்கால் காட்டுங்கோ, மண்ணெண்ணெய்ப் பேணியோடு நானே வருகிறேன்.